ஜி6பிடி குறைபாடு உள்ள வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடு என்று தெரிந்ததும் எல்லோரும் சமையலறையைத்தான் சோதிக்கிறார்கள். முதலில் திறந்து பார்க்க வேண்டியது பீரோவை. துணி மடிப்பில் கிடக்கும் அந்துருண்டையைவிட, அதாவது பாச்சா உருண்டையைவிட, மோசமான பொருள் நம் வீடுகளில் இந்தக் குழந்தைகளுக்கு இல்லை என்றே சொல்வேன்.

சிவப்பணுக்கள் சிதையாமல் காக்கும் நொதிகளில் ஒன்று ஜி6பிடி. பிறவியிலேயே அது குறைவாக உள்ளவர்கள் உலகில் சுமார் 40 கோடிப் பேர். பெரும்பாலானோருக்கு அன்றாடம் எந்தத் தொந்தரவும் இருக்காது. ஒவ்வாத பொருள் உடலுக்குள் போனால்தான் சிவப்பணுக்கள் மளமளவென்று உடையும். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் கண் மஞ்சளாகும், முகம் வெளிறும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். அப்படிப் போனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆண்களிடம் அதிகம் என்பது உண்மைதான். அதற்காகப் பெண் குழந்தைக்கு வராது என்று இருந்துவிடக் கூடாது.

அந்துருண்டையில் இருப்பது நாப்தலீன். குழந்தை அதை வாயில் போட்டால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது காற்றில் கரைந்து துணியில் ஏறிக்கொள்ளும். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். பாட்டியின் பழைய பட்டுப்புடவையையோ பெட்டியில் வைத்திருந்த கம்பளியையோ எடுத்து அப்படியே பிள்ளையைச் சுற்றுவது பெரிய தவறு. எண்ணெய் தேய்த்த உடம்பில் சுற்றினால் இன்னும் மோசம், நாப்தலீன் எண்ணெயில் எளிதில் கரையும். உருண்டைகளை மொத்தமாக வெளியேற்றுங்கள். குளியலறைத் தொட்டியில் போடும் வாசனை உருண்டைகளையும் சேர்த்துத்தான். துணிகளைத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். பீரோவுக்குக் காய்ந்த வேப்பிலை போதும். பதிலுக்குக் கற்பூரம் வேண்டாம், குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும்.

அப்புறம் மருதாணி. விசேஷ வீட்டில் கைக்குழந்தையின் உள்ளங்காலில் ஆசையாக அப்பிவிடுவார்கள். இலையில் உள்ள லாசோன் என்ற சாயப்பொருள் தோல் வழியாகப் போய், இந்தக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கடுமையான ரத்தச்சிதைவை உண்டாக்கியிருக்கிறது. பெரியவர்கள் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை, மறுத்துவிடுங்கள்.

சாப்பாட்டில் நிச்சயமாக ஒதுக்க வேண்டியது ஃபாவா பீன்ஸ். வளைகுடா நாடுகளில் காலை உணவாகச் சாப்பிடும் ஃபூல் அதில் செய்வதுதான்; எகிப்திய ஃபலாஃபெல் வடையும் அப்படியே. நம் மொச்சையும் அவரைக்காயும் வேறு செடி. எல்லாப் பயறையும் நிறுத்திப் பிள்ளைக்குப் புரதம் கிடைக்காமல் செய்ய வேண்டாம்.

வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைக் கேட்காமல் கொடுப்பதும் கூடாது. மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுயின் சிலருக்கு ஏன் ரத்தத்தைச் சிதைக்கிறது என்று ஆராய்ந்தபோதுதான், 1956இல் இந்தக் குறைபாடே அடையாளம் காணப்பட்டது. தொழுநோய்க்குத் தரும் டாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோஃபுராண்டாயின் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். எந்த மருத்துவரைப் பார்த்தாலும், பல் மருத்துவர் உட்பட, குறைபாட்டை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, பரிசோதனை. ரத்தம் சிதைந்துகொண்டிருக்கும்போது பழைய அணுக்கள் அழிந்து, நொதி அதிகமுள்ள இளம் அணுக்களே மிஞ்சியிருக்கும். அதனால் முடிவு இயல்பு என்று வரலாம். சந்தேகம் இருந்தால் 3 மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள்.