பிள்ளையின் கல்யாணத்தன்று பெற்றோர் பேசுவது எப்படி?

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்தவக் கல்யாண வீடுகளில், கோயிலுக்குப் புறப்படும் முன் வீட்டில் ஒரு ஜெபம் நடக்கும். ஐயரோ (சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) அவருக்கு உதவியாக ஊழியம் செய்யும் உபதேசியாரோ ஜெபித்து முடித்ததும், "அப்பா, அம்மா ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். அந்த நேரத்தில் சிலருக்கு வாயே வராது. சிலர் பேசிக்கொண்டே போவார்கள். மகளையும் மகனையும் கட்டிக்கொடுத்த தாயாக, முதல் கல்யாணம் நடத்தும் பெற்றோருக்கு இதை எழுதுகிறேன்.

1. முதல் ஓலை அன்றே எழுதத் தொடங்குங்கள்

சபையில் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள். முதல் ஓலை வாசித்த அன்று சாயங்காலமே ஒரு நோட்டில், பிள்ளையிடம் சொல்ல நினைப்பதையெல்லாம் எழுதிவிடுங்கள். கோர்வையாக வரவேண்டியதில்லை. கல்யாண வாரத்தில் பந்தல்காரர், சமையல்காரர், வெளியூர்ச் சொந்தம் என்று ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருப்பார்கள், உட்கார நேரம் கிடைக்காது.

2. புத்திமதியைத் தனியே பிரியுங்கள்

இதுதான் முக்கியமான படி. எழுதியதில் புத்திமதி எது, ஆசீர்வாதம் எது என்று பாருங்கள். புத்திமதி முந்தின நாள் ராத்திரி, பிள்ளையிடம் மட்டும் சொல்லவேண்டியது. பட்டுச்சேலையும் பூவுமாக நிற்கிற பெண்ணை நாலு பேர் முன்னால் திருத்தக் கூடாது.

மகனிடம் நான் சொன்னது: "ஐயா, சம்பள விவரம் முதல்ல அவளுக்குத் தெரியட்டும். அவ வச்ச குழம்பை என் குழம்போட ஒப்பிடாத. சண்டை வந்தா எனக்குப் போன் போடாத, ரெண்டு பேரும் சேர்ந்து ஜெபம் பண்ணிட்டுப் படுங்க."

மகளிடம் "பொறுத்துப் போ" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். பொறுமை இருவருக்கும் உள்ளது, அதை மகனுக்கும் சொல்லுங்கள். மகளுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும்: "கை நீட்டினா அன்னைக்கே சொல்லு மக்களே. இந்த வீட்டு வாசல் உனக்கு எப்பவும் திறந்திருக்கும்." இதைச் சொன்னால் அபசகுனம் என்று நினைக்கிற பெரியவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பெற்றவர்கள் பின்னால் நிற்கிறார்கள் என்று தெரிந்தால்தான் பிள்ளை தைரியமாகக் குடும்பம் நடத்தும்.

3. ஒரு வசனம் போதும்

வேதாகமத்தில் சங்கீதம் 128 பலர் எடுப்பது. கைப்பிரயாசத்தைச் சாப்பிடுவதில் தொடங்கி பேரப்பிள்ளைகளைக் காண்பதுவரை ஒரு குடும்பமே அதில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது ஆதியாகமம் 2:24. புருஷன் தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடே இசைந்திருப்பான் என்பதை நாம் பிள்ளைகளுக்கான வசனமாகவே வாசிக்கிறோம். ஆனால் பிள்ளை விட்டுப் போவதற்குப் பெற்றவர்களும் கையை விடவேண்டுமே! மகன் வீட்டுச் சாவி நம் இடுப்பில் தொங்கினால் அந்த வசனம் எப்படி நிறைவேறும்? அதனால் அதை முதலில் உங்களுக்கென்று வாசியுங்கள்.

4. மூன்று நிமிடத்துக்குள் சுருக்குங்கள்

முதலில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அப்புறம் பிள்ளையின் நல்ல குணம் ஒன்று, நடந்த சம்பவத்தோடு. பிறகு வரப்போகும் மருமகளையோ மருமகனையோ பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். செலவு, நகை, சீர்வரிசை பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்; கண் கலங்கினாலும் வாசிக்கலாம்.

5. தலையில் கைவைத்து முடியுங்கள்

"கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று தொடங்கும் எண்ணாகமம் 6:24-26 மனப்பாடமாக இருக்கட்டும். தாயும் தகப்பனும் சேர்ந்து சொல்லலாம். தகப்பன் இல்லாத வீட்டில் தாய் தனியாகவே சொல்லலாம். அதற்குத் தாய்மாமனைத் தேடவேண்டியதில்லை. அழுகை வந்தால் அழுதுவிட்டுத் தொடருங்கள், யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள்.

மண்டபத்தில் மைக் கொடுத்தால், வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, சாப்பிட்டுப் போகச் சொல்லுங்கள். அங்கே அதற்கு மேல் வேண்டாம்.