பம்பாய் வெங்காயத்தில் கலச்சுவர் பார்ப்பது எப்படி?

கலச்சுவர், அதாவது கலத்தை (செல்லை) வெளியே சுற்றியிருக்கும் சுவர், தாவரத்தில் எதனால் ஆனது என்று கேட்டால் ஓ.எல் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் "செலுலோசு" என்று பட்டென்று சொல்லுவார்கள், ஆனால் அந்தச் சுவரைத் தனியாகப் பார்த்திருக்கிறீர்களா என்றால் சத்தமே இருக்காது. கிளிநொச்சியில் படித்த காலத்தில் நானும் அப்படித்தான்.

முதலில் நல்ல ஊதாவான பம்பாய் வெங்காயம் ஒன்று எடுங்கள். காய்ந்த தோலை எறிந்துவிட்டு, அடுத்த சதை மடலின் வெளிப்பக்கத்தில் நகத்தளவு தோலை உரியுங்கள். உள்பக்கத்து வெள்ளைத் தோல் வேண்டாம். நான் முதல்தரம் அதை வைத்துத்தான் அரைமணித்தியாலம் ஒன்றும் தெரியாமல் கண் வலிக்கப் பார்த்தேன்.

தோலை வழுக்கியில் (கண்ணாடித் தகட்டில்) ஒரு துளி தண்ணீரில் விரித்து, மெல்லிய மூடுகண்ணாடியால் மூடி, நுணுக்குக்காட்டியில் 100 மடங்கில் பாருங்கள். செங்கல் அடுக்கினதுபோல் இருக்கும், ஒவ்வொன்றும் ஊதா நிரம்பி. இப்போது சுவரும் அதன் உள்பக்கம் ஒட்டிய மென்சவ்வும் (கலத்தின் மெல்லிய உறை) ஒரே கோடுதான்.

சரி, இனித்தான் விஷயம். அரைக் கோப்பை தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, மூடுகண்ணாடியின் ஒரு ஓரத்தில் துளி விட்டு, எதிர் ஓரத்தில் டிசு வைத்து உறிஞ்சுங்கள். சில நிமிடத்தில் ஊதா மட்டும் சுருங்கி நடுவுக்கு ஒதுங்கும், கட்டம் அப்படியே நிற்கும். அந்த வெறுங்கட்டம்தான் கலச்சுவர்: செலுலோசு நார், இடையில் பசைபோன்ற பெக்ரின். இடைவெளியில் இருப்பது உப்புத் தண்ணீர், சுவர் அதைத் தடுக்காது, மென்சவ்வுதான் உப்பை மறிக்கும். திரும்ப நல்ல தண்ணீர் விட்டால் ஊதா பழையபடி நிரம்பும்.

பனை வைரத்தில் கலச்சுவரில் செலுலோசோடு இலிக்னின் என்ற கடினமான பொருளும் சேர்ந்திருப்பதால்தான் கோடரி துள்ளுகிறது.

அப்புறம் காளான். மழைக்கு முளைக்கும் காளானின் சுவரில் செலுலோசு இல்லை, கைற்றின், குளுக்கன் என்ற வேறு பொருட்கள்தான். நந்திக்கடல் இறால் கோதில் இருக்கிறதே, அதே கைற்றின். கத்தரிக்காயை அவித்தால் பெக்ரின் கரைந்து குழைந்துவிடும், கைற்றின் அப்படிக் கரையாது, காளான் எவ்வளவு அவித்தாலும் குழையாததற்கு இதுதான் காரணம்.

தயிரில் உள்ள பற்றீரியாவுக்கு பெப்ரிடோகிளைக்கன் என்ற இன்னொரு பொருளால் ஆன சுவர். பெனிசிலின் அதைக் கட்டவிடாமல்தான் பற்றீரியாவைக் கொல்லுகிறது. பங்கசின் (காளான் இனத்தின்) சுவரில் பெப்ரிடோகிளைக்கன் இல்லாததால், அதனால் தோலில் வரும் படைக்கு பெனிசிலின் வேலை செய்யாது, நம்முடைய கலங்களுக்கோ சுவரே கிடையாது.

முடிந்ததும் நுணுக்குக்காட்டியின் மேடையை ஈரத்துணியால் துடையுங்கள். உப்புத் தண்ணீர் பட்டுத் துருப்பிடித்தால் அடுத்தமுறை லாப் சாவி கிடைக்காது.