ஈரம் போனால்தான் சாலட்

முதல் தடவை லெட்யூஸ் சாலட் செய்தபோது, கீரையை அலசுவது போல அலசி அப்படியே கிண்ணத்தில் போட்டு, மேலே எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றினேன். பத்தே நிமிடத்தில் இலை துவண்டு, அடியில் புளித்த தண்ணீர் தேங்கி நின்றது. இலையில் தண்ணீர் இருந்தால் எண்ணெய் எங்கே ஒட்டும்?

இரண்டு பேருக்கு 150 கிராம் லெட்யூஸ் தாராளம். இலைகளைப் பிரித்து, காம்படி மடிப்பில் மண் ஒளிந்திருக்கும் என்பதால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கடைசியாக ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். கொஞ்சம் வாடின இலைகூட நிமிர்ந்துவிடும். அப்புறம் பழைய வேட்டித் துணியில் தளர்வாக மூட்டை கட்டி, மொட்டை மாடியில் நின்று நன்றாகச் சுழற்றுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

டிரெஸ்ஸிங்குக்கு, அதாவது இலைமேல் ஊற்றும் கலவைக்கு, ஒரு காலி ஜாம் பாட்டில் போதும். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் கால் தேக்கரண்டி உப்பை முதலில் கரைத்துவிடுங்கள், ஏனென்றால் எண்ணெய் சேர்ந்தபின் போட்டால் உப்பு சரியாகக் கரையாமல் பல்லில் நறநறக்கும். அதோடு அரைத் தேக்கரண்டி மஸ்டர்ட் பேஸ்ட் (கடையில் கிடைக்கும் கடுகு விழுது), அதே அளவு தேன், கொஞ்சம் மிளகுத்தூள், மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். மூடியை இறுக்கி அரை நிமிடம் குலுக்கினால் மோர் போல வெளிறிக் கெட்டியாகும். எண்ணெயும் சாறும் சட்டென்று பிரியாமல் பிடித்து வைப்பது அந்த மஸ்டர்ட்தான். நல்லெண்ணெயிலும் செய்து பார்த்தேன். இட்லிப்பொடி வாசம்தான் வந்தது. ஆலிவ் இல்லையென்றால் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றுங்கள்.

ருசி பார்க்கும்போது கரண்டியில் நக்கிப் பார்க்காமல் ஒரு இலையைத் தோய்த்துத் தின்று பாருங்கள். தனியாகச் சாப்பிட்டால் சுள்ளென்று புளிக்கிற டிரெஸ்ஸிங் இலையோடு சேரும்போது சரியாக இருக்கும்.

கிண்ணத்தின் உள்பக்கம் ஒரு வெட்டின பூண்டுப் பல்லைத் தேய்த்துவிட்டு இலை, மெல்லிய வெள்ளரித் துண்டுகள், கொஞ்சம் புதினா போடுங்கள். எல்லாரும் தட்டு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் டிரெஸ்ஸிங். பாதி ஊற்றி, கையாலேயே அடியிலிருந்து மேலாகப் புரட்டி, இலை பளபளக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இன்னும் வேண்டுமானால் சேருங்கள். பாட்டிலில் மீந்த டிரெஸ்ஸிங்கை ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஆலிவ் எண்ணெய் உறைந்திருந்தால் பத்து நிமிடம் வெளியே வைத்து மறுபடி குலுக்கிக்கொள்ளுங்கள்.