தொழில்நுட்பக் கையேட்டை ஏ5 தாளில் அமைக்கும் முறை

இயந்திரத்தின் அருகே விரித்து வைத்துப் படிக்கும் கையேட்டுக்கு ஏ4 தாள் பெரிது. 148க்கு 210 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ5 தாள் கைக்கு அடக்கமானது. ஏ4 அளவில் எழுதி முடித்து, அச்சிடும்போது சுருக்கிக்கொள்ளலாம் என்று நானும் ஒருமுறை நினைத்தேன். அப்படிச் சுருக்கினால் எழுத்து ஏறத்தாழ 71 விழுக்காடாகக் குறையும் என்பதால், 11 புள்ளி எழுத்து எட்டுக்கும் கீழே இறங்கி, அடிக்குறிப்புகள் எறும்பு வரிசையாகிவிட்டன. ஆகவே தட்டச்சைத் தொடங்கும் முன்பே தாளின் அளவை முடிவு செய்யுங்கள்.

முதல் படியாக, லிப்ரேஆபிஸ் ரைட்டர் என்ற ஆவணம் எழுதும் மென்பொருளில் ஃபார்மட் பட்டியில் உள்ள பேஜ் ஸ்டைலைத் திறந்து, பேஜ் தாவலில் ஏ5 என்பதைத் தேர்ந்தெடுங்கள். அச்சகத்தில் வேறு அளவு சொன்னால், வெட்டிய பிறகு நிற்கும் அளவைக் கேட்டு, அகலத்தையும் உயரத்தையும் நேரடியாக இடலாம்.

அடுத்து, அதே தாவலில் பேஜ் லேஅவுட்டை மிரர்டு என மாற்றினால், இடது, வலது ஓரங்கள் உள், வெளி ஓரங்களாக மாறும். உள் ஓரத்துக்கு 20, வெளி ஓரத்துக்கு 15 மில்லிமீட்டர் கொடுங்கள். பைண்டிங்கில் வரிகள் மறையாது.

கணினிக் கட்டளை வரிகளைப் பக்கத்தில் அடக்கும் மூன்றாவது படியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எழுத்துக்கு மிஞ்சும் அகலம் 113 மில்லிமீட்டர். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள லிபரேஷன் மோனோ எழுத்துருவில் 9 புள்ளி அளவில் வரிக்கு 59 எழுத்துகளே அடங்கும். 80 எழுத்துள்ள கட்டளை வரியை அப்படியே நுழைக்க, அளவை ஏறத்தாழ ஆறரைப் புள்ளிக்கு இறக்க வேண்டும். அதைவிட வரியை நாமே உடைப்பது நல்லது. லினக்ஸ் முனையக் கட்டளையானால், உடைக்கும் இடத்தில் பின்சாய்வுக்கோடு (\) இட்டு, அதன் பின் இடைவெளி ஏதும் விடாமல் அடுத்த வரிக்குச் செல்லுங்கள். ரைட்டர் தானாக மடித்த வரியைப் புதியவர் இரண்டு கட்டளைகளாகத் தட்டச்சு செய்துவிடக்கூடும். முழுத் திரைப் படங்களையும் சுருக்கி ஒட்டாமல், தேவையான பெட்டியை மட்டும் வெட்டிச் சேருங்கள்.

தமிழ் எழுத்தின் அளவு, ஆங்கில எழுத்தின் அளவோடு சேர்ந்து மாறாது; பாராகிராஃப் ஸ்டைலில், தமிழ் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கான சிடிஎல் பகுதியில் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

இறுதியாக, பிடிஎஃப் ஆக்கி, தாளுக்குப் பொருத்தும் வசதியை நீக்கி, உண்மை அளவில் ஒரு பக்கத்தை அச்சிட்டு, அளவுகோலால் அளந்து பாருங்கள். வீட்டிலேயே ஏ4 தாளை மடித்துக் கையேடாக்குவதானால், அச்சுப் பெட்டியில் புரோஷர் என்பதைத் தேர்ந்து, இருபக்க அச்சில் குறுகிய விளிம்பில் திருப்பும்படி அமையுங்கள். மொத்தப் பக்கங்கள் நான்கின் மடங்காக இல்லாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கங்கள் வரும், அவற்றைக் குறிப்பெழுத விட்டுவிடலாம்.