ஜிமெயில் கையெழுத்தில் லோகோ சேர்ப்பது எப்படி?

இங்கே கையெழுத்து என்பது சிக்னேச்சர், அதாவது நீங்கள் அனுப்பும் மெயிலின் அடியில் தானாகச் சேரும் பெயர், பதவி போன்ற விவரங்கள். முதலில் படத்தைத் தயார் செய்யுங்கள். டிசைனர் அனுப்பிய 3000 பிக்சல் லோகோவை அப்படியே ஏற்றினால் பாதித் திரையை அதுவே அடைத்துக்கொள்ளும். ஜிமெயிலில் ஏற்றிய பிறகு ஸ்மால், மீடியம், லார்ஜ், ஒரிஜினல் சைஸ் என்ற அளவுகளில்தான் தேர்ந்தெடுக்க முடியும். பிக்சல் கணக்கில் எண் கொடுக்க வழியில்லை. அதனால் வெளியிலேயே சுருக்கிவிடுவது நல்லது. லோகோவுக்கு 150 முதல் 200 பிக்சல் அகலம் தாராளம்.

இதற்கு ஃபோட்டோஷாப் எல்லாம் வேண்டாம். விண்டோஸில் இருக்கும் பெயின்ட் போதும். படத்தைத் திறந்து கன்ட்ரோல் + டபிள்யூ அழுத்துங்கள், பிக்சல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து அகலத்தை மட்டும் மாற்றுங்கள். நீள அகல விகிதத்தைக் காக்கும் ‘மெயின்டெயின் ஆஸ்பெக்ட் ரேஷியோ’ இயக்கத்தில் இருக்கட்டும். லோகோ என்றால் பிஎன்ஜி, முகப்படம் என்றால் ஜேபிஜி. எஸ்விஜி (SVG) வகைப் படக்கோப்பு ஜிமெயிலில் தெரியாது. வெப்பி (WebP) வகைப் படக்கோப்பு மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக்கின் பழைய பதிப்புகளில் தெரியாது.

இனி ஜிமெயில். கணினி பிரவுசரில் செய்யுங்கள். பல்சக்கரம் > சீ ஆல் செட்டிங்ஸ் > ஜெனரல். கீழே இறங்கினால் சிக்னேச்சர் வரும். கிரியேட் நியூ அழுத்திப் பெயர் கொடுத்து, பெட்டியில் பெயர், பதவி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தட்டச்சு செய்யுங்கள். தொலைபேசி எண்ணைப் படத்துக்குள் வைக்காதீர்கள். பெறுபவரால் அதை நகலெடுக்க முடியாது, படம் தடுக்கப்பட்டால் எண்ணும் போய்விடும்.

பெட்டியின் கீழ்ப்பட்டையில் மலைப்படம் போட்ட இன்சர்ட் இமேஜ் பொத்தான் இருக்கும். அதில் மை டிரைவ் (உங்கள் கூகுள் டிரைவில் உள்ள கோப்புகள்), அப்லோட், வெப் அட்ரஸ் என்று மூன்று வழிகள். பலரும் சறுக்குவது இங்கேதான்.

மை டிரைவிலிருந்து எடுத்தால், அந்தக் கோப்பின் ஷேர் அமைப்பில் ‘எனிவன் வித் தி லிங்க்’ இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்கு மட்டும் படம் பளிச்சென்று தெரியும். உங்கள் கணக்குக்கு அந்தக் கோப்பைத் திறக்கும் உரிமை இருக்கிறதல்லவா? பெறுபவருக்கோ உடைந்த பட அடையாளம்தான். அலுவலகக் கணக்கில் இன்னொரு சிக்கல்: நிறுவனத்துக்கு வெளியே பகிர்வதை அட்மின் தடுத்து வைத்திருக்கலாம். அப்போது பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியும், வாடிக்கையாளருக்குத் தெரியாது.

வெப் அட்ரஸில் டிரைவ் பகிர்வு இணைப்பையோ கூகுள் ஃபோட்டோஸ் இணைப்பையோ ஒட்டினாலும் நடக்காது. அவை ஒரு பக்கத்தைத் திறப்பவை; இங்கே தேவை நேராகப் படக்கோப்பின் முகவரி. உங்கள் இணையதளத்தில் உள்ள லோகோ மீது ரைட் கிளிக் செய்து, காப்பி இமேஜ் அட்ரஸ் கொடுத்தால் கிடைப்பதுதான் அது.

இந்தத் தலைவலியெல்லாம் வேண்டாம் என்றால் அப்லோட் வழியே போங்கள். படம் கூகுள் சர்வரில் போய் உட்காரும், தனியாக அனுமதி எதுவும் தேவையில்லை. இணையதளமே இல்லாதவர்களுக்கு இதைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படம் வந்ததும் அதைச் சொடுக்கி அளவைத் தேர்ந்தெடுங்கள். அதே நிலையில் லிங்க் பொத்தானை அழுத்தி இணையதள முகவரியையும் கொடுத்துவிடலாம். அடுத்து சிக்னேச்சர் டிஃபால்ட்ஸ்: புதிய மெயிலுக்கு ஒன்று, பதில் மெயிலுக்கு ஒன்று என்று தனித்தனியே கேட்கும். பதிலுக்குப் படமில்லாத சிறிய கையெழுத்து வையுங்கள். பத்து முறை போய்வந்த உரையாடலில் பத்து லோகோ பார்க்கச் சகிக்காது. கடைசியாக, பக்கத்தின் அடியில் சேவ் சேஞ்சஸ். அழுத்தாமல் வெளியேறினால் செய்தது அத்தனையும் வீண்.

சோதனை மெயில் ஒன்றை வேறொருவரின் கணக்குக்கு, முடிந்தால் ஜிமெயில் அல்லாத கணக்குக்கு அனுப்பிப் பாருங்கள். டார்க் மோடிலும் பாருங்கள்: பின்னணி இல்லாத பிஎன்ஜியில் கறுப்பு எழுத்து லோகோ இருந்தால் இருட்டில் கரைந்துவிடும். எழுத்துகளைச் சுற்றிலும் சில பிக்சல் வெள்ளை விளிம்பு விட்டுச் சேமித்தால் தீர்ந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் உங்களுக்கே படம் வரவில்லையா? கம்போஸ் பெட்டியின் மூன்று புள்ளி மெனுவில் பிளெயின் டெக்ஸ்ட் மோட் (படமின்றி வெறும் எழுத்தை மட்டும் அனுப்பும் முறை) டிக் ஆகியிருக்கலாம். ஒருமுறை டிக் செய்தால் அடுத்தடுத்த மெயில்களுக்கும் அப்படியே நிற்கும், எடுத்துவிடுங்கள். மொபைல் ஆப்பில் உள்ள மொபைல் சிக்னேச்சர் வேறு விஷயம், அதில் எழுத்து மட்டும்தான் போட முடியும்.