உங்கள் ஊரில் ஒரு கட்டற்ற மென்பொருள் மாநாட்டை நடத்துவது எப்படி?

எவரும் இயக்கவும் ஆராய்ந்து மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளையும், கணினியிலும் இணையத்திலும் நமக்குள்ள உரிமைகளான மின்னியல் சுதந்திரத்தையும் பற்றிய மாநாடு பெருநகரத்தில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கும் சமூகத்தின் தமிழ்நாட்டு மாநாடு 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் நடந்தது. இடம் தர ஒரு கல்லூரியும், வேலையைப் பகிர்ந்துகொள்ளப் பத்துப் பதினைந்து தன்னார்வலர்களும், மூன்று நான்கு மாத உழைப்பும் இருந்தால், இருநூறு பேர் கூடும் ஒருநாள் மாநாட்டை ஒரு மாவட்டத் தலைநகரில் நன்றாகவே நடத்திவிடலாம். அப்படி ஒரு முயற்சியில் இறங்க நினைக்கும் குழுவுக்காக இதை எழுதுகிறேன். மேடையில் எந்தச் சுதந்திரத்தை வலியுறுத்துகிறோமோ, அதை மாநாட்டை நடத்தும் முறையிலும் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. "இந்த மென்பொருள்களை வைத்து உண்மையிலேயே வேலை செய்ய முடியுமா?" என்ற ஐயத்தோடுதான் பலர் வருவார்கள். அவர்கள் நிரப்பும் படிவம் முதல் திரையில் பார்க்கும் உரை வரை எல்லாமே கட்டற்ற மென்பொருளில் இயங்கினால், அந்த ஐயத்துக்கு மேடையிலிருந்து விடை சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

நாளும் இடமும்

பொறியியல் கல்லூரிகளில் பருவத் தேர்வுகள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் வருகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆகவே பொங்கல் கழிந்தபின் ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரையும், ஜூலையிலிருந்து செப்டம்பர் வரையும் ஏற்ற காலம். செப்டம்பர் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை உலகெங்கும் மென்பொருள் சுதந்திர நாளாகக் கொண்டாடப்படுவதால், அந்த நாளை ஒட்டி வைத்துக்கொள்வதில் ஒரு பொருத்தமும் உண்டு.

கல்லூரி முதல்வருக்குக் கடிதம் கொடுக்கும்போது, வேண்டியவற்றை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுங்கள்: பேச்சு அரங்கு ஒன்று, கணினி ஆய்வகம் ஒன்று, மின்னாக்கி வசதி, வெளியாட்கள் உள்ளே வர அனுமதி, ஆய்வக உதவியாளர் ஒருவர் நாள் முழுதும் உடனிருக்க ஒப்புதல். கல்லூரி இணையத்தில் பல முனைகள் (போர்ட்கள்) மூடப்பட்டிருக்கும் என்பதால், ஒரு வாரம் முன்பே நேரில் போய், மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட் களஞ்சியம் ஒன்றை இறக்கிப் பார்த்து, ஜிட்சி என்ற காணொளி உரையாடல் மென்பொருள் வழியாக ஓர் அழைப்பையும் செய்து பாருங்கள். தடை இருந்தால், பிணையத்தைக் கவனிப்பவரிடம் சொல்லித் திறக்கச் செய்ய அப்போதுதான் நேரம் இருக்கும்.

மாணவர்களைக் கட்டாயப்படுத்தி உட்கார வைத்து அரங்கை நிரப்ப வேண்டாம் என்பதையும் கல்லூரியிடம் முதலிலேயே பணிவாகச் சொல்லிவிடுங்கள். விருப்பத்தோடு வரும் அறுபது பேர், வருகைப் பதிவுக்காக வரும் நானூறு பேரைவிட மாநாட்டுக்கு உயிர் கொடுப்பார்கள். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் கால் மணி நேரத்துக்குள் முடியட்டும். தொடக்க விழா நீண்டால், தொலைவிலிருந்து பேச வந்தவரின் நேரம்தான் பறிபோகும்.

பதிவுப் படிவத்தில் எதைக் கேட்பது

பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒவ்வொரு பிப்ரவரித் தொடக்கத்திலும் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அங்கே நுழைவுக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. நம் ஊரில் உணவுக்கும் இருக்கைக்கும் ஓர் எண்ணிக்கை தேவைப்படுவதால் பதிவு வைக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கேள்வியையும் சேர்க்கும் முன், இந்த விவரம் இல்லாவிட்டால் மாநாட்டில் எந்த வேலை நின்றுபோகும் என்று குழுவுக்குள் கேட்டுப் பாருங்கள். பெயர், மின்னஞ்சல், சைவமா அசைவமா, மடிக்கணினி கொண்டுவருவாரா என்ற நான்கோடு படிவம் முடிந்துவிடும். பிறந்த தேதி, வீட்டு முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவற்றுக்கு இங்கே வேலையே இல்லை. கல்லூரி வாயிலில் காவலாளர் அடையாள அட்டை கேட்பார் என்றால், அங்கே காட்டிவிட்டு வந்தால் போதும். அதன் நகலை நாம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

திரட்டிய விவரங்களை யார் பார்ப்பார்கள், எந்த நாளில் அழிப்பீர்கள் என்பதைப் படிவத்தின் மேலேயே இரண்டு வரிகளில் எழுதுங்கள்; மாநாடு முடிந்து முப்பது நாளில் அழிப்பதாகச் சொன்னால், அந்த நாளில் அழித்துவிட்டு அதை அறிவியுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. இவற்றைப் பற்றி அமர்வு வைக்கும் நாம், வந்தவர்களின் தொலைபேசி எண்களை ஆதரவு தரும் நிறுவனத்திடம் கொடுப்பது எவ்வகையிலும் சரியாகாது.

படிவத்துக்கு லைம்சர்வே, நெக்ஸ்ட்கிளவுட், கிரிப்ட்பேட் ஆகியவற்றுள் ஒன்று போதும். உரைகளுக்கான முன்மொழிவுகளைப் பெறவும் நிகழ்ச்சி நிரல் வகுக்கவும் பிரிட்டால்க்ஸ் என்ற மென்பொருள் மிகவும் உதவும். அழைப்பிதழையும் பதாகையையும் இங்க்ஸ்கேப்பில் வடிவமைத்து, கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்களையே பயன்படுத்துங்கள். குழுவின் உரையாடலை மேட்ரிக்ஸ் என்ற கட்டற்ற அரட்டைச் சேவையில் வைத்துக்கொள்ளலாம். ஊர் மக்களிடமும் பெற்றோரிடமும் செய்தி போய்ச் சேர வாட்ஸாப் தேவைப்படும் என்பதை நான் மறுக்கவில்லை. அழைப்பை அங்கே பகிருங்கள், ஆனால் அங்கே கணக்கு இல்லாத ஒருவர்கூட எந்தத் தகவலையும் இழக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரலை வகுத்தல்

ஒருநாள் மாநாட்டுக்கு ஆறு உரைகள் போதும். ஒவ்வொன்றும் முப்பது நிமிடம், கேள்விகளுக்குப் பத்து நிமிடம். முதல் உரை எந்தப் பின்புலமும் இல்லாதவர்களுக்காக இருக்கட்டும். எந்த நோக்கத்துக்கும் இயக்குவது, எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்து மாற்றுவது, நகலைப் பிறருக்குக் கொடுப்பது, மாற்றியதையும் பகிர்வது என்ற நான்கு உரிமைகளையும், 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தது முதல் இன்றுவரை வந்த வழியையும் அதில் தமிழில் விளக்க வேண்டும். பேச்சாளர்களைத் தேர்ந்தெடுக்கையில் சென்னையின் பெரிய நிறுவனங்களையே பார்த்துக்கொண்டிராமல், விக்கிப்பீடியாவில் எழுதும் ஆசிரியர், லிப்ரெஓபிஸ் என்ற அலுவலக மென்பொருளைத் தமிழாக்குபவர், அலுவலகம் முழுவதையும் குனு/லினக்ஸ் இயங்குதளத்தில் நடத்தும் அச்சகக்காரர் போன்றோரைத் தேடிப் பிடியுங்கள். தம் ஊர்க்காரர் ஒருவர் அன்றாட வேலையில் இதைப் பயன்படுத்துவதைக் கண்டால் மாணவர்களுக்கு வரும் நம்பிக்கையே வேறு.

மின்னியல் சுதந்திரம் பற்றிய அமர்வுக்கு ஒரு வழக்கறிஞரை அழையுங்கள். இணைய முடக்கம் குறித்து 2020 ஜனவரியில் வந்த அனுராதா பசின் வழக்கின் தீர்ப்பு, செல்பேசிச் செயலிகள் கேட்கும் அனுமதிகள், முகமறிதல் கேமராக்கள் என்று கைக்கு எட்டும் பொருள்களையே அவர் எடுத்துக்கொள்ளட்டும். பொதுப்படையாகப் பேசினால் இந்தத் தலைப்பு எவர் மனத்திலும் தங்காது.

மாலை ஐந்து மணிக்கு நிகழ்ச்சியை முடித்துவிடுங்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் கடைசிப் பேருந்தை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்படி செய்யக் கூடாது. நடத்தை நெறிமுறையையும், புகார் சொல்ல அணுக வேண்டிய இருவரின் பெயர்களையும் அரங்க வாயிலில் ஒட்டுங்கள். அவ்விருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும்.

நிறுவல் அரங்கு

வந்தவர்களின் கணினிகளில் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவ உதவும் இந்த அறையில்தான் மாநாட்டின் பயன் பெரும்பாலும் விளைகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்கு மாற முடியாத, ஆனால் இன்னும் நன்றாக உழைக்கக்கூடிய கணினிகள் நம் வீடுகளில் ஏராளம். அவற்றைக் கொண்டுவரச் சொல்லி அழைப்பிதழிலேயே குறிப்பிடுங்கள்.

இணையத்தை நம்பி இந்த அறையை நடத்த வேண்டாம். மூன்று ஜிபி அளவுள்ள நிறுவல் கோப்பை முப்பது பேர் இறக்கினால் தொண்ணூறு ஜிபி ஆகிறது. விநாடிக்கு நூறு மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் கிடைத்தாலும் அதற்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஒரே பென்டிரைவிலிருந்து பல நிறுவல் கோப்புகளை இயக்க உதவும் வென்டாய் என்ற மென்பொருளை நிறுவிய பென்டிரைவ்கள் பத்தில் டெபியன், லினக்ஸ் மின்ட் என்ற இரண்டு இயங்குதளங்களையும் முன்பே ஏற்றி, கோப்பு பழுதின்றி இறங்கியதா என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையையும் ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளகப் பிணையத்தில் ஒரு கணினியை ஆப்ட் (இந்த இயங்குதளங்களில் மென்பொருள் நிறுவும் கருவி) தொகுப்புகளின் இடைச்சேமிப்பாக வைத்தால், ஒருமுறை இறங்கிய தொகுப்பு எல்லாருக்கும் அங்கிருந்தே கிடைக்கும்.

கணினியைத் தொடும் முன், கோப்புகளுக்கு மாற்று நகல் எடுத்தாயிற்றா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் நகல் எடுக்கும்வரை எதையும் தொடக் கூடாது, அவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும். விண்டோஸையும் உடன் வைத்துக்கொள்ள விரும்புபவராக இருந்தால், விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டை அவர் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டதை உறுதிசெய்து, விண்டோஸின் விரைவுத் தொடக்க (ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்) வசதியை அணைத்து, வட்டுப் பகுதியை விண்டோஸுக்குள்ளிருந்தே சுருக்கிய பிறகு நிறுவலைத் தொடங்குங்கள். அதற்கும் முன்பாக, நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கி, வைஃபையும் ஒலியும் தொடுபலகையும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது. வைஃபைக்குக் கட்டற்றதல்லாத நிலைப்பொருள் (வன்பொருளை இயக்கும் ஃபெர்ம்வேர்) தேவைப்படும் மடிக்கணினிகள் மிகுதி. டெபியனும் 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, அதன்படி 12ஆம் பதிப்பு முதல் அத்தகைய நிலைப்பொருள்களைத் தன் நிறுவல் கோப்பிலேயே சேர்த்துவிட்டது. இதை மறைக்காமல், எந்தப் பகுதி கட்டற்றது, எது அப்படியல்ல என்று உரிமையாளருக்குச் சொல்வது நம் கடமை என்று கருதுகிறேன்.

தமிழ்99 விசைப்பலகையை அமைத்து, லிப்ரெஓபிஸில் உரிமையாளரே தம் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்து பார்த்த பிறகே அந்தக் கணினியை முடிந்ததாகக் கணக்கில் கொள்ளுங்கள். ஒரு தன்னார்வலர் ஒரு நேரத்தில் இரண்டு கணினிகளுக்கு மேல் பார்க்க வேண்டாம். நிறுவும்போது விசைப்பலகை உரிமையாளர் கையில் இருக்கட்டும். நாம் அருகில் நின்று வழி சொன்னால் போதும்.

ஒலியும் பதிவும்

படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள். ஒலி கெட்டால் எவரும் கேட்க மாட்டார்கள். எனவே சட்டையில் செருகும் மைக்கை வாங்கி, அரங்கின் ஒலிக்கலவைக் கருவியிலிருந்து நேரடியாகக் கம்பி இழுத்துப் பதிவுக் கணினியில் சேருங்கள். ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற ஒளிபரப்பு மென்பொருளில் நேரலை போகும்போதே உள்வட்டிலும் பதிவாகட்டும். இணைப்பு அறுந்தாலும் பதிவு மிஞ்சும். பேச்சாளர்கள் திரையில் காட்டும் ஸ்லைடுகளைப் பிடிஎஃப் வடிவிலும் வாங்கிக்கொண்டால், எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் சிதைவது தவிரும்.

பதிவை, பிறரும் பயன்படுத்திப் பகிர இசைவு தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் பகிர்வுரிமத்தில் வெளியிடப் பேச்சாளரின் ஒப்புதலை முன்மொழிவுப் படிவத்திலேயே பெற்றுவிடுங்கள். பிறகு வெப்எம் என்ற காணொளி வடிவில் விக்கிமீடியா பொதுவகத்திலும், பியர்டியூப் என்ற கட்டற்ற மென்பொருளில் இயங்கும் காணொளித் தளம் ஒன்றிலும் ஏற்றலாம். படம் எடுக்கப்படுவதை விரும்பாதவர்களுக்கு வேறு நிறக் கழுத்துப்பட்டை கொடுத்து, அதன் பொருளைத் தொடக்கத்திலேயே அனைவருக்கும் அறிவியுங்கள்.

பணமும் பின்வேலையும்

ஆதரவு தருவோருக்கு ஓர் அரங்கு மேசையும் பதாகையில் பெயரும் கொடுக்கலாம்; மேடை நேரத்தையும் பங்கேற்பாளர் பட்டியலையும் எவ்வளவு தொகைக்கும் கொடுக்கக் கூடாது. இந்த வரம்பைப் பணம் கேட்கப் போகும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கை, தேநீர்ச் செலவு உட்பட, இரண்டு வாரத்தில் பொதுவில் வெளியிடுங்கள்.

அடுத்த மாதச் சந்திப்பின் நாளையும் இடத்தையும் மாநாடு கலையும் முன்பே அறிவித்துவிடுங்கள். அந்தச் சந்திப்புக்கு, நிறுவல் அரங்கில் முடியாமல் போன கணினிகளை எடுத்துவரச் சொல்லுங்கள்.