நான்கு மணி நேரத்தில் ஒரு துறைமுக ஊர்: உல்லாசக் கப்பல் ஊழியர்களுக்கான வழிகாட்டி

மத்தியதரைக் கடலில் ஓடும் உல்லாசக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும், சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் என் பெரியம்மா, “அப்போ ரோமெல்லாம் பார்த்துவிடுவாய்” என்றார். ஆனால் ரோமுக்குக் கப்பல் போவதில்லை. அது நிற்பது சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். சிங்கப்பூரின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான் என்பதால், இந்தத் தூரம் நம் மனக்கணக்கில் எளிதில் அடங்குவதில்லை. கையில் நான்கு மணி நேரமே உள்ள ஊழியர், பெருநகரைப் பயணிகளுக்கு விட்டுவிட்டு, கப்பல் நிற்கும் ஊரையே நன்றாகப் பார்ப்பது மேல் என்பது நான் சற்றுத் தாமதமாகக் கற்றுக்கொண்டது.

முதலில் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் உண்டு என்று கணக்கிடுங்கள். அவசர நிலையைச் சமாளிக்க ஊழியர்களில் ஒரு பகுதியினர் துறைமுகத்திலும் கப்பலிலேயே இருக்க வேண்டும். கப்பலில் இதை ‘ஐபிஎம்’ (In Port Manning) என்பார்கள். இந்த முறைப் பட்டியல் வந்தவுடன், நீங்கள் மிகவும் பார்க்க விரும்பும் ஊர் அதில் சிக்கியிருந்தால், அதே அவசரகாலப் பொறுப்புள்ள சக ஊழியரிடம் பேசி, மேலாளரின் அனுமதியுடன் மாற்றிக்கொள்ளலாம். 2013 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும் ஏழு நாள்களில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும் என்கிறது. ஆனால் கரைக்குப் போகும் நேரம் இந்த ஓய்விலிருந்துதான் கழியும் என்பதால், அடுத்தடுத்து மூன்று துறைமுகங்கள் வந்தால் ஒன்றில் தூங்கிவிடுங்கள். மேலும், கப்பல் கடிகாரம் மாறாமல் இருக்கும்போது கைபேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கிரேக்கத்தில் இது ஒரு மணி நேர வித்தியாசத்தில் முடியலாம். கப்பல் நேரத்தில் ஓடும் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்வது நல்லது.

ஆவணங்களில் ஒரு நுணுக்கம் உண்டு. சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவருக்கு ஷெங்கன் எனப்படும் ஐரோப்பிய நாடுகளில் குறுகியகாலப் பயணத்துக்கு விசா தேவையில்லை. விசா இல்லாமல், மாலுமி அடையாள ஆவணத்துடன் கரையிறங்கும் இந்தியச் சக ஊழியருக்கோ, துறைமுகப் பகுதியும் அதை ஒட்டிய ஊர்களும் மட்டுமே அனுமதி. தமிழ்நாட்டு நண்பர்களோடு சேர்ந்து கிளம்பும்போது இதை மறந்து ரயிலேறிவிடாதீர்கள். உங்கள் நிலை என்ன என்பதை ஊழியர் அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்து, துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணைக் காகிதத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கைபேசி மின்கலம் தீரும்போதுதான் அந்த எண் தேவைப்படும்.

நான் ஒரேயொரு முறை ரோமுக்குப் போனேன். திரும்பும் ரயில் வரவில்லை. அடுத்ததில் நின்றபடியே வந்து, ஊழியர்கள் ஏற வேண்டிய நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்னதாக மூச்சிரைக்க ஏறினேன். ரயில் நிலையப் பலகையில் ‘ஷோப்பெரோ’ என்ற சொல்லைக் கண்டால், அது வேலைநிறுத்தம் என்று புரிந்துகொண்டு அப்படியே திரும்பிவிடுங்கள். சிவிட்டாவெக்கியாவிலேயே ஜப்பானிய மறைசாட்சிகளின் பெயரில் ஒரு தேவாலயம் இருக்கிறது; 1615இல் ஹசெக்குரா என்ற ஜப்பானியத் தூதர் கரையிறங்கிய ஊர் அது. ஜப்பானிய ஓவியர் ஒருவர் தீட்டிய, கிமோனோ அணிந்த மரியன்னையை அங்கே பார்க்கலாம். ரோமுக்குப் போகும் அவசரத்தில் அந்தத் தேவாலயத்தைத் தேடுபவர்கள் குறைவு.

பயணிக்கு இல்லாத ஒரு வசதி ஊழியருக்கு உண்டு. ஏழு நாள் சுற்றில் ஓடும் கப்பல் ஒவ்வொரு வாரமும் அதே ஊருக்குத் திரும்புகிறது. ஆறு மாத ஒப்பந்தத்தில் பத்து முறையாவது இறங்க முடியும். ஆகவே ஒரு முறைக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு பொறியும் இருக்கிறது: கிழமையும் மாறாது. நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. உங்கள் கப்பல் செவ்வாய்க்கிழமைகளில் அங்கு நின்றால், ஒப்பந்தம் முடியும்வரை அதன் கதவைத்தான் பார்ப்பீர்கள். பார்சலோனாவின் பொக்கேரியா சந்தைக்கு ஞாயிறு விடுமுறை. எனவே பயணத் திட்டம் கைக்கு வந்த அன்றே ஊருக்கு எதிரே கிழமையை எழுதிவிடுங்கள்.

நடந்து பார்க்க மிகவும் ஏற்ற ஊர் என்று நான் ஜெனோவாவைச் சொல்வேன். கப்பல் முனையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தாலே ‘கருஜ்ஜி’ எனப்படும் பழைய சந்துகள் தொடங்கிவிடும். கை நீட்டினால் இருபுறச் சுவரும் தட்டும் சந்துகளும் அவற்றில் உண்டு. பழைய துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் சொட்டோரிப்பா வளைவுகளின் அடியில் நடந்தபோது, சிங்கப்பூர்த் தேக்காவின் ஐந்தடி நடைபாதைதான் என் நினைவுக்கு வந்தது: மேலே வீடு, கீழே கடை, நடுவில் நிழல், எண்ணெய்ச் சட்டியின் வாசம். அங்கே கிடைக்கும் ஃபரினாத்தா, கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகியவற்றைக் கரைத்து, அகன்ற செம்புத் தட்டில் ஊற்றி, விறகு அடுப்பில் சுடும் மெல்லிய அடை. சைவ உணவுக்காரர்களுக்கு இதைவிட நிம்மதியான தீனி அந்தக் கரையில் இல்லை. பாலெர்மோவின் பனெல்லே, அதே மாவின் பொரித்த வடிவம். காஸ்டெலெட்டோ மேட்டுக்கு மின்தூக்கியில் ஏறினால் ஊரின் கற்பலகைக் கூரைகளும், அவற்றுக்கு அப்பால் உங்கள் கப்பலின் புகைபோக்கியும் தெரியும்.

நேப்பிள்ஸில் கப்பலை விட்டு இறங்கினால் எதிரே கோட்டை. சிறிது நடந்தால் ஊரை நெடுகப் பிளக்கும் ஸ்பக்கநாப்போலி தெரு. மரினாரா பீட்சாவில் பாலாடைக்கட்டிகூடக் கிடையாது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டுமே. காப்பியை மேடையருகே நின்று குடியுங்கள், உட்கார்ந்தால் பல கடைகளில் விலை கூடும். சாலையைக் கடக்கும்போது நமக்குப் பழகிய திசைக்கு எதிர்த்திசையில் முதலில் பாருங்கள். கிரேக்கத் தீவான சாண்டோரினியில் சிறுபடகில் கரை சேர வேண்டும். பயணிகள் இறங்கிய பிறகே ஊழியர்களின் முறை வரும் என்பதால், மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் நான் போவதில்லை.

வாகனங்கள் நம் ஊரைப் போல் இடப்புறம் ஓடும் மால்டாவில் சாலையைக் கடக்கும் குழப்பம் இல்லை. வலெட்டாவில் கப்பல் கோட்டைச் சுவரின் காலடியிலேயே நிற்கும். 58 மீட்டர் உயர மின்தூக்கி உங்களை மேல் பரக்கா தோட்டத்தில் விட்டுவிடும். நண்பகலுக்கும் மாலை நான்கு மணிக்கும் அதன் கீழ்த்தளத்தில் பீரங்கி வெடிப்பார்கள். கரவாஜ்ஜோ 1608இல் தீட்டிய மாபெரும் ஓவியம் சில தெருக்கள் தள்ளிப் புனித யோவான் பேராலயத்தில் இருக்கிறது. தோள்களும் முழங்கால்களும் மூடிய உடையில் போங்கள். வீட்டுக்கு அழைக்க ஏற்ற இடமும் இந்தத் தோட்டம்தான். கோடையில் இங்கே பிற்பகல் இரண்டு மணி என்றால் ஈசூனில் இரவு எட்டு, பெரியம்மா சாப்பிட்டு முடித்திருப்பார், “ரோம் பார்த்தாயா?” என்று மறுபடியும் கேட்பார். பேசி முடித்து மின்தூக்கியில் இறங்கினால், கப்பல் சில நிமிட நடைதான்.